தறி நின்ற பிறகு கேட்ட கரகரப்பு

பல்லடத்துப் பக்கம் எங்கள் ஊரில் பகலில் எந்த ஒலிபெருக்கியையும் சோதித்துப் பார்க்க முடியாது. வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். அந்த 14 அங்குலக் கருப்பு வெள்ளை டி.வி.யை முழுவதும் சரிசெய்துவிட்டதாக நான் மூன்று நாட்கள் நம்பியிருந்ததற்கு அதுதான் காரணம். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தறிகள் நின்றிருந்தன. செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அடியில் ஒரு கரகரப்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு முறை காதில் விழுந்துவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்காது என்கிற வகைச் சத்தம்.

பெட்டி அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வாங்கியது. அறையில் வைப்பதற்கான பெரிய மரப்பெட்டி டி.வி.யை விட்டுவிட்டு இந்தச் சிறிய பெட்டியை அவர் எடுத்ததற்கு ஒரே காரணம், இது 12 வோல்ட்டிலும் ஓடும் என்பதுதான். தோட்டத்தில் கரண்ட் போனால் டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வருவார். 1987 உலகக் கோப்பை கிரிக்கெட்டின்போது ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், இடமில்லாமல் வாசல்வரை ஆட்கள் உட்கார்ந்திருந்ததை அம்மிச்சி இன்றும் சொல்வார். பிறகு கலர் டி.வி. வந்தது, இது அட்டாலிக்கு ஏறியது. அப்பிச்சி போன பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, “நீ எடுத்துக்கொண்டு போ சாமி. ஓடினால் ஒரு நாள் கொண்டுவந்து எனக்குக் காட்டு” என்று அம்மிச்சி கொடுத்தனுப்பினார்.

படத்தை வரவைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் புதுமை இல்லை. எலி கடித்த ஒயர்களை மாற்றினேன். எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் கோவைக்குப் போய் வாங்கிவந்து புதிதாகப் போட்டேன். டியூபுக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் சால்டர் விட்டிருந்ததைத் திரும்பப் பற்றவைத்தேன். முதல் முறை கரண்ட் கொடுத்தபோது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்திருந்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், பெட்டி எரியாது. பிக்சர் டியூபின் பலம் குறைந்திருந்தாலும் இருட்டிய அறையில் படம் அழகாகத்தான் இருக்கிறது. இவ்வளவு சிறிய டியூபுக்கே பல ஆயிரம் வோல்ட் தேவை. பெட்டியை அணைத்த பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும். அதை முறையாக வெளியேற்றத் தெரியாதவர்கள் பின்மூடியைத் திறக்கவே கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பெட்டிக்குக் காட்ட இன்று வானில் எதுவும் இல்லை. வீட்டுக் கூரைமேல் அப்பிச்சி கொடைக்கானல் நிலையத்தைப் பார்த்துத் தெற்கே திருப்பிய ஆன்டெனா இன்னும் நிற்கிறது. அதில் வந்துகொண்டிருந்த பழைய ஒளிபரப்பு நின்றுவிட்டது. எனவே செட்டாப் பெட்டியிலிருந்து வரும் வீடியோவையும் ஒலியையும் அவற்றை டி.வி. சேனல் அலையாக மாற்றும் ஒரு சிறிய மாடுலேட்டருக்குக் கொடுத்து, அதிலிருந்து 4ஆம் சேனலில் டி.வி.க்குக் கொடுக்கிறேன். படத்துக்கு 62.25 மெகாஹெர்ட்ஸ், ஒலிக்கு 67.75 மெகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையில் 5.5. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கரகரப்பைக் கேட்டதும் நான் செய்த முதல் காரியம் தவறானது. கையில் என்ன இருந்ததோ அதை மாற்ற ஆரம்பித்தேன். ஒலிப் பகுதிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு ஷீல்டு ஒயர் போட்டேன். 5.5 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டரை மாற்றினேன். ஒலி ஐ.சி.யான டி.பி.ஏ.810ஐக்கூட மாற்றிவிடலாம் என்று கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி ஒன்றை எடுத்துவந்தேன். ஒரு நாள் முழுக்கப் போனது. சத்தம் அப்படியே இருந்தது. பழைய பலகையில் தேவையில்லாமல் ஒவ்வொரு முறை சால்டர் வைக்கும்போதும் செம்புத் தடம் கொஞ்சம் உரிகிறது. அந்த நாளில் நான் செய்த சேதத்தை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

மறுநாள் சால்டரிங் இரும்பைத் தொடாமல், குமிழ்களை மட்டும் திருகியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் இது ஒரு சத்தமில்லை என்று புரிந்தது. வால்யூமை முழுவதும் குறைத்தால் கரகரப்பு போய்விடுகிறது. ஆனால் அதற்கடியில் ‘ம்ம்ம்’ என்ற ஒரு முனகல் மிஞ்சுகிறது. வால்யூமைக் கூட்டினால் கரகரப்பு கூடவே ஏறுகிறது. முனகல் இருந்த அளவிலேயே இருக்கிறது. இந்தப் பெட்டியில் வால்யூம் குமிழ் வழியாக ஒலி போவதில்லை. குமிழ் ஒரு நேர்மின் அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறது. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் டி.பி.ஏ.120எஸ் என்ற ஐ.சி.க்குள்ளே நடக்கிறது. ஆகவே முனகல் அந்த ஐ.சி.க்குப் பிறகு நுழைகிறது, கரகரப்பு அதற்கு முன்பே நுழைந்துவிடுகிறது. இரண்டுக்கும் பிறப்பிடம் வேறு. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து கொடுத்ததுதான் முதல் நாளில் நான் செய்த தவறு.

முனகலை முதலில் எடுத்துக்கொண்டேன். அது ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்த பிறகு கூடியது, இரவு பத்துக்கு மேல் தேய்ந்தது. கூடும் நேரத்தில் படத்திலும் ஓர் அகலமான கருமைப் பட்டை மெல்ல மேலே நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் டி.வி. பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரை அழைத்துச் சொன்னேன். அவர் கடையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேட்டரியில் போட்டுப் பார்த்தாயா கண்ணு?” என்றார்.

“இல்லைங்க அண்ணா.”

“அந்தப் பெட்டியில் பேட்டரி சாக்கெட் எதற்கு இருக்கிறது? போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. பட்டை எத்தனை என்றும் எண்ணிக்கொள்.”

முழு சார்ஜில் இருந்த 12 வோல்ட் பேட்டரியை, இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து, பிளஸ் மைனஸை இரண்டு முறை சரிபார்த்து இணைத்தேன். முனகல் அறவே இல்லை. படத்தில் பட்டையும் இல்லை. கரகரப்பு மட்டும் சற்றும் குறையாமல் இருந்தது. இரண்டு நாட்களாக நான் பிரிக்க முடியாமல் தவித்த இரண்டு சத்தங்களையும் அந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டது. மின்சாரத்தோடு வருவது ஒன்று, சிக்னலோடு வருவது ஒன்று.

பட்டையை எண்ணச் சொன்னதன் பொருள் பிறகுதான் விளங்கியது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரத்தை நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ் நேராக்குகிறது. நம்முடைய கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் சரியாக வேலை செய்தால் அதன் இரண்டு பாதிகளும் பயன்பட்டு, மிஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸாக இருக்கும். படம் நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக வரையப்படுவதால் 100 ஹெர்ட்ஸ் அலைவு இரண்டு பட்டைகளாகத் தெரிய வேண்டும். என் படத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று. அப்படியென்றால் ஒரு பாதிதான் வருகிறது. பிரிட்ஜின் ஒரு கை செத்திருக்கிறது. பட்டை ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்ததும் இதே காரணத்தால்தான். செட்டாப் பெட்டி கொடுக்கும் 50ம், கம்பத்திலிருந்து வரும் 50ம் ஒரு மயிரிழை வேறுபடுகின்றன.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் நான்கு டையோடுகளும் நல்லவை என்றே காட்டின. நம்பாமல் பெட்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விரல் நுனியால் ஒவ்வொன்றையும் தொட்டேன். இரண்டு சுட்டன. இரண்டு குளிர்ந்திருந்தன. குளிர்ந்த இரண்டில் ஒன்றின் காலைச் சுற்றி பலகையின் அடிப்பக்கம் மோதிரம்போல ஒரு மெல்லிய விரிசல். டையோடு நல்லதுதான், அதன் காலுக்கும் செம்புத் தடத்துக்கும் இடையில் தொடர்பு அறுந்திருந்தது. மீட்டரின் முனைகளை நான் டையோடின் கால்களிலேயே வைத்ததால் அது தெரியவில்லை. பிரிட்ஜில் டையோடுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து ஓடுகின்றன. அதனால் ஒன்று அறுந்ததும் அதன் ஜோடியும் சும்மா நின்றுவிட்டது.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தேன். சிறிய ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது வடிகட்டிக் கண்டென்சரின் மேல் அலைவு ஏறக்குறைய நாலரை வோல்ட்டிலிருந்து இரண்டு வோல்ட்டுக்கு இறங்கியது. மேடுகளுக்கு இடையிலான தூரம் 20 மில்லி நொடியிலிருந்து 10 ஆனது. மாலையில் மட்டும் ஏன் முனகியது என்பதற்கும் விடை கிடைத்தது. சுற்றிலும் மோட்டார்களும் தறிகளும் விளக்குகளும் சேர்ந்து ஓடும் அந்த நேரத்தில் என் வீட்டுப் பிளக்கில் 188 வோல்ட்தான் இருந்தது. 2என்3055 டிரான்சிஸ்டர் 11 வோல்ட்டை நிலையாகக் கொடுக்க வேண்டுமானால் அதன் உள்வரவு பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கக் கூடாது. பாதி அலையும் குறைந்த வோல்ட்டேஜும் சேர்ந்தபோது ஒவ்வொரு பள்ளத்திலும் அது கைவிட்டுவிட்டது. நல்ல வோல்ட்டேஜ் இருந்த நள்ளிரவில் அதே பழுதோடு சமாளித்துக்கொண்டது. நேரத்தைப் பொறுத்து வந்து போகும் பழுதைக் கண்டால் முதலில் பிளக்கில் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஆனால் வோல்ட்டேஜைப் பார்த்ததும் ஸ்டெபிலைசர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு ஸ்டெபிலைசர் அந்த விரிசலை மூடி மறைத்திருக்கும், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கரண்ட் போன நேரத்தில் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டாம். சதுர அலை தரும் இன்வெர்ட்டர்களில் நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டிகூட உறுமும். அது பெட்டியின் குற்றமில்லை.

இனி கரகரப்பு. பேட்டரியிலும் இருக்கிறது, வால்யூமோடு ஏறுகிறது. அடுத்து வெர்டிகல் ஹோல்டு குமிழைத் திருகிப் படத்தை உருள விட்டேன். பெட்டிக்குள்ளேயே இருக்கும், படத்தை மேலிருந்து கீழாக வரையவைக்கும் வெர்டிகல் பகுதியிலிருந்து கரகரப்பு ஒலிக்குள் கசிந்தால், குமிழைத் திருகும்போது அதன் சுருதியும் மாற வேண்டும். படம் உருண்டது, சுருதி அசையவில்லை. ஆகவே அது வெளியிலிருந்தே வருகிறது. பிறகு சேனல்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். செய்திச் சேனலில் கீழே வெள்ளை எழுத்துகள் ஓடும்போது கரகரப்பு உச்சத்தில் இருந்தது. விளம்பரத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையில் திரை கறுக்கும் அந்த ஒரு நொடியில் சுத்தமான அமைதி. வெள்ளைத் துணி விளம்பரம் வந்தால் ஒலிபெருக்கி இரைந்தது. படத்தில் இருக்கும் வெள்ளையைக் காது கேட்கிறது! இதை உணர்ந்த இரவில் எனக்கு உண்டான மகிழ்ச்சி, படம் முதன்முதலில் வந்த நாளில்கூட இல்லை.

காரணம் அந்த 5.5ல் இருக்கிறது. நம் நாட்டுப் பழைய டி.வி.யில் ஒலிக்கென்று தனி ரிசீவர் கிடையாது. படத்தைச் சுமந்து வரும் ஊர்தி அலையும் ஒலியைச் சுமந்து வரும் ஊர்தி அலையும் ஒரே பாதையில் வந்து, டிடெக்டரில் ஒன்றோடொன்று மோதி, 5.5 மெகாஹெர்ட்ஸ் என்ற வித்தியாச அலையாகப் பிறக்கின்றன. அந்தக் குழந்தை அலையில்தான் ஒலி இருக்கிறது. சேனல் கொஞ்சம் விலகினாலும் இந்த வித்தியாசம் மாறாது, அருமையான ஏற்பாடு. ஆனால் குழந்தை பிறக்க இரண்டு பெற்றோரும் வேண்டும். படத்தின் ஊர்தி அலை கறுப்பில் பலமாகவும் வெள்ளையில் பலவீனமாகவும் இருக்கும்படி நம் முறை அமைந்திருக்கிறது. எவ்வளவு வெள்ளையானாலும் பத்தில் ஒரு பங்காவது அலை மிஞ்ச வேண்டும் என்பது விதி. மாடுலேட்டருக்கு வீடியோ அளவுக்கு மேல் போனால், பளிச்சென்ற வெள்ளை எழுத்து வரும் கணத்தில் அந்த அலை பூஜ்யத்தைத் தொட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் 5.5ம் இல்லாமல் போகிறது. ஒலியில் ஓட்டை விழுகிறது. படம் நொடிக்கு 50 முறை வரையப்படுவதால் ஓட்டையும் நொடிக்கு 50 முறை விழுகிறது. அதுதான் கரகரப்பு.

ஆக, குற்றவாளி டி.வி.யே இல்லை, நான் வாங்கிவைத்த மாடுலேட்டர். அதைத் திறந்தேன். வீடியோ உள்ளே நுழையும் இடத்தருகே அளவைத் திருகி வைக்கும் சிறிய ப்ரீசெட் ஒன்று இருந்தது, ஏறக்குறைய முழு அளவில் திருப்பப்பட்டிருந்தது. செய்திச் சேனலைப் போட்டுவிட்டு மெல்லக் குறைத்தேன். வெள்ளை எழுத்துகளின் ஓரம் கூர்மையானது, அதுவரை அவை பூத்துப்போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. கரகரப்பு தணிந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. அதற்கு மேல் குறைத்தால் படம்தான் மங்குகிறது, சத்தம் குறையவில்லை. அங்கேயே விட்டுவிட்டு, டி.வி.யின் கான்ட்ராஸ்ட் குமிழைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன்.

நான்கில் ஒரு பங்கு மிஞ்சியது. பகலில் யாரும் கேட்க மாட்டார்கள். விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தேன், முடியவில்லை.

மிஞ்சியதற்குக் காரணம் நான்தான். டி.பி.ஏ.120எஸ் பக்கத்தில் ஒரு சிறிய உலோகக் கூடு, அதற்குள் 5.5 மெகாஹெர்ட்ஸுக்கு இசைக்கப்பட்ட காயில். அலையின் அதிர்வெண் மாற்றத்தை ஒலியாக மாற்றுவதற்கு அந்த ஐ.சி. இந்தக் காயிலைத்தான் நம்பியிருக்கிறது. இசைப்பு சரியான நடுவில் இருந்தால், அலையின் பலம் கூடிக் குறைவதை அது பொருட்படுத்தாது. நடுவிலிருந்து விலகினால் அந்தக் கூடுதல் குறைதலும் ஒலிக்குள் வந்துவிடும். அப்படி வந்தால் அது கேட்பது இதே 50 ஹெர்ட்ஸ் கரகரப்பாகத்தான். அந்தக் காயிலின் உட்கரு அசையாமல் இருக்கத் தொழிற்சாலையில் மெழுகு விட்டிருந்தார்கள். பலகையைத் துடைத்துச் சுத்தம் செய்த உற்சாகத்தில் அந்த மெழுகையும் அழுக்கென்று நினைத்து நான் கிள்ளி எடுத்திருந்தேன். உட்கரு அப்போதே நகர்ந்திருக்க வேண்டும். பழைய பெட்டிகளைத் திறப்பவர்கள் மெழுகு வைத்த இடத்தைத் தொடாதீர்கள். அது ஒருவர் கருவிகளை வைத்து அளந்து நிறுத்திய இடம்.

இரும்புத் திருப்புளியை அதற்குள் விடக் கூடாது. உலோகம் அருகில் வந்தாலே இசைப்பு மாறிவிடும். எடுத்தால் மறுபடி மாறும். பழைய ஃபெரைட் கரு அழுத்தினால் இரண்டாகப் பிளந்தும் போகும். மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்து, கருவின் பள்ளத்துக்குப் பொருந்தும்வரை சீவித் தேய்த்துக்கொண்டேன். இரவு, தறிகள் நின்ற பிறகு, செய்தியைப் போட்டு வால்யூமைக் குறைவாக வைத்தேன். கருவை ஒரு பக்கம் திருப்பினால் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் குரல் கிழிகிறது. மறுபக்கம் திருப்பினாலும் அதே கிழிசல். இரண்டுக்கும் நடுவில் குரல் நிறைவாகவும் கரகரப்பு மிகக் குறைவாகவும் இருக்கும் ஒரு குறுகிய இடம். ஊசி முனையளவு இந்தப் பக்கம், ஊசி முனையளவு அந்தப் பக்கம் என்று போய்ப் போய் வந்தேன். மொத்தத்தில் கரு நகர்ந்தது கால் சுற்றுக்கும் குறைவு. திடீரென்று பின்னணி இல்லாமல் போனது. செய்தி வாசிப்பவர் இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் மூச்சு வாங்குவது கேட்டது.

மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு சொட்டு விட்டு அதை நிறுத்தினேன்.

என் மகள் மட்டும், “அப்பா, இன்னும் ‘கீ’ என்று கேட்கிறதே” என்றாள். எனக்குக் கேட்கவில்லை. அது 15,625 ஹெர்ட்ஸ். 625 வரிகள் நொடிக்கு 25 முறை என்ற கணக்கு. எல்.ஓ.டி. தன் உடம்பையே அதிரவைத்து எழுப்பும் ஒலி அது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டாலும் இருக்கும். சிறுவயதில் அப்பிச்சி வீட்டுக்குள் நுழையும்போதே, டி.வி. ஓடுகிறது என்று வாசலிலிருந்து எனக்கும் தெரியும். அந்தச் சத்தம்தான். அதை நான் சரிசெய்யப் போவதில்லை.

போன வாரம் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மிச்சி வீட்டுக்குப் போனேன். ஆசாரத்தில் பழைய இடத்திலேயே, அதே ஸ்டூலின் மேல் வைத்து, ஒயர்களை மாட்டினேன். அம்மிச்சி முதலில் படத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல்பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இத்தனை இரவுகள் பழகியபடி வால்யூமைச் சன்னமாக வைத்திருந்தேன்.

“சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு சாமி” என்றார். கூட்டினேன். “இன்னும் கொஞ்சம்.” பாதிக்கு மேல் திருப்பினேன். கீழே வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. குரல் மட்டும்தான் பெரிதானது.